எடைமேடையில் வளைகாப்பு

மணலி சாலையில் லாரிகளை ஏற்றி எடை போடும் மேடை ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடி அறையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் எழில்மொழி. எதிரே பஞ்சர் கடை போட்டிருப்பவன் நான். அதனால் அவர் வீட்டு விஷயம் அவரைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். கணவர் ஆந்திராப் பக்கம் போனவர், திரும்பவில்லை. ஏன் என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. மூன்றுமே எனக்கு மனப்பாடம்.

மகள் மாயாவை அவர் வளர்த்து ஆளாக்கியது அந்த மேடையின் சிவப்பு எண்களைப் பார்த்துப் பார்த்துத்தான். எடை குறைத்துக் காட்ட ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டுவிட்டு டிரைவர் ஒன்றும் தெரியாதவர்போல் பீடி பற்றவைப்பார். எழில் கண்ணாடியைத் தட்டுவார்.

"இன்னா மாமு, பின்சக்கரம் காத்து வாங்குதா? ஏத்து மேல."

மாயாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு வியாசர்பாடித் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக ஒரு புதன்கிழமை குறித்திருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு எல்லார் போனிலும் தன்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்ட ஒரு குரல் வந்தது. வானத்தில் இரண்டு கருந்துளைகள் மோதிவிட்டனவாம். அந்த அலை வந்து, புதன் மாலை ஐந்து மணி ஏழு நிமிடத்துக்குப் பூமியின் ஈர்ப்பு ஏழு விநாடி நின்றுபோகுமாம்.

மாயாவின் மாமியார் சொக்கம்மாள் திருவொற்றியூரில் காய்கறி விற்பவர். எழிலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சம்பந்தி, புதங்கெயம வாணாம். வயித்துல கீற புள்ள மெதந்து திரும்பிக்கும். அந்த நாள வுட்டா அப்பால ஆடி பொறந்துடும். பிரசவத்த இங்கயே பாத்துக்கறேன்."

"பூமி இன்னா டேபிள் ஃபேனா, ஸ்விச்ச அமுக்குனா நிக்க?"

"விஞ்ஞானியே சொல்றாரு!"

"விஞ்ஞானி பேசறப்ப பின்னால கோயி கூவுது, கேட்டியா? அந்த அலை இங்க வந்தா ஒரு கடுகு கூட அசையாது. இம்மாம் பெரிய பூமி கீற வரைக்கும் இழுத்துகினுதான் கெடக்கும்."

"நா என் தராச புடிச்சிகினு பாக்கறேன். அப்ப தெரியும்."

"எடக்கல்லும் லேசாவும், கத்திரிக்காயும் லேசாவும். முள்ளு எப்டி காட்டும்? என் மேட அப்டியில்ல. மேல கீறது எம்மாம் அமுக்குதுன்னு நேரா சொல்லும். வளைகாப்ப அங்கயே வெச்சிக்கலாம். அஞ்சி ஏழுக்கு நம்பர் எறங்குச்சின்னா எம்பொண்ண நா கேக்கல. எறங்கலன்னா அன்னிக்கே இட்டுகினு போவேன்."

சொக்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த மாயா எழுந்தாள். "நா வரேம்மா. அத்தே, நீயும் வா."

அந்தப் புதன்கிழமை நாலரைக்கே டிரைவர்கள் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டார்கள். ஒருவர் ஸ்டெப்னியைக் கயிறு போட்டுக் கட்டினார். லாரியே இல்லாத மேடையை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? சரி என்று சொல்லிவிட்டார். மேடை நடுவில் மாயா நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றி வளையல் தட்டு, ஐந்து வகைச் சோறு, வியாசர்பாடிப் பெண்கள். வெளிப் பலகையில் பெரிய சிவப்பு எண்களில் 1340 கிலோ.

சொக்கம்மாள் மட்டும் மேடை ஏறவில்லை. ஓரத்து விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"மேல வா சம்பந்தி."

"நா இங்கயே கீறேன். நீங்க மெதந்தா யாராவது உங்கள கீழ இஸ்க்கணும் இல்ல?"

ஐந்து ஆறு. வளையல் சத்தம்கூட இல்லை. நான் கம்ப்ரசர் பிடியில் ஒரு கை வைத்திருந்தேன். சும்மா, பழக்கம்.

ஐந்து ஏழு. 1340. எழில் மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு அந்த எண்ணையே முறைத்தார். ஐந்து எட்டு. 1340.

"கெடியாரம் ஃபாஸ்ட்டா இருக்கும்" என்று கம்பத்திலிருந்து குரல் வந்தது.

"சரி, பத்து வரைக்கும் பாரு. பன்னெண்டு வரைக்கும் பாரு. எனக்கு வேற வேல இல்ல."

ஐந்து பன்னிரண்டுக்கு எண் மாறியது. எல்லாரும் 'ஐயோ' என்றோம். 1410. இறங்கவில்லை, ஏறியிருந்தது. திரும்பிப் பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு சொக்கம்மாள் மேடையில் நிற்கிறார்.

"அம்பத்தஞ்சு கிலோதான்னு சொல்லிகினு திரிஞ்சியே சம்பந்தி!"

"உம் மெசின் பொய் சொல்லுது."

"இப்ப மட்டும் பொய்யா?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. சொக்கம்மாள் தட்டிலிருந்து பச்சை வளையல்களை எடுத்து, மருமகளின் கையை அழுத்தாமல் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு சம்பந்தியைப் பார்க்காமலே சொன்னார்: "இட்டுகினு போ. காரம் கம்மியா போடு, அவளுக்கு நெஞ்சு எரியுது."

ஆட்டோவில் ஏறும்போது மாயாவுக்குக் கண் கலங்கியது. சொக்கம்மாள் அதட்டினார்.

"இன்னாத்துக்கு அய்வுற? வியாசர்பாடி இன்னா நிலாவுலயா கீது? ஞாயித்துக்கெயம வரேன், போ."