ஒன்பதாவது கையெழுத்து

லோகேஸ்வரன் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிரே. கந்தோரில் கூட வேலை செய்த நாலு பேர் இந்தப் பக்கம் மாறினார்கள் என்று, கொட்டாஞ்சேனையில் இருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டு வந்தவர். லிஃப்டில் ஏறும்போது ஐந்தாம் மாடிக்காரர் நாட்டைத் திட்டினால் இவரும் திட்டுவார். இறங்கும்போது இரண்டாம் மாடிக்காரர் நாடு திருந்திவிட்டது என்றால் அதற்கும் தலையாட்டுவார். முகத்துக்கு நேரே கேலி செய்திருக்கிறேன். "ஏன் அக்கா வீண் சண்டை?" என்று சிரிப்பார்.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன அறையில் மயிலம்மா இருந்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஏழு வருடமாக எங்கள் மாடிகளைக் கூட்டித் துடைத்தவள். அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக இடம் கிடையாது. லோகேஸ்வரனின் மகளுக்குக் குழந்தை இல்லை. செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தும்படி யாரோ சொல்ல, முழங்கால் வலியால் போக முடியாத அவர் மயிலம்மாவைப் பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு செவ்வாய் காலைதான் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் பித்தளைக் குழாய்கள் காணாமல் போயின. மேல்கதவுச் சாவி மயிலம்மாவிடமும் இருந்தது. வேறு யார் எடுப்பார்கள் என்று கமிட்டிச் செயலாளர் ராகுலன் கூட்டம் போட்டார்.

"அண்டைக்குக் காலமை அவவைக் கோயிலுக்கு அனுப்பினது நான்தானே. நான் கதைக்கிறன் அக்கா," என்று படியில் இறங்கும்போதே லோகேஸ்வரன் என்னிடம் சொன்னார்.

கூட்டத்தில் வாயைத் திறந்தார்தான். "உங்களுக்குத் தெரியாது அண்ணை. இந்த ஆக்களை நம்பேலாது," என்றார் ராகுலன். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள்.

"அதுவும் சரிதான்," என்றார் லோகேஸ்வரன்.

மயிலம்மாவை வெளியேறச் சொல்லி ராகுலன் எழுதி வைத்திருந்த கடிதம் கைமாறி என்னிடம் வந்தது. அவர் பேசுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம்கெட்ட நான் எட்டாவதாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒன்பதாவது.

மறுநாள் காலை மயிலம்மா அந்தக் கடிதத்தோடு நேரே அவர் வாசலுக்கு வந்தாள். என் கதவும் திறந்திருந்தது.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க சார். நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்."

அவர் வாசித்தார். திருட்டு, தேதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது, எல்லாம்.

"அன்னிக்கு நான் கோயிலுக்குல்ல போயிருந்தேன்? உங்களுக்குத் தெரியுமே சார்!"

"ஓம்."

"யாரு யாரு சார் கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

ஒவ்வொரு பெயராக வாசித்தார். என் பெயர் வந்தபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செத்துப்போயிருக்கலாம். எட்டாவது பெயரோடு அவர் கடிதத்தை மடித்துவிட்டார்.

"நீங்க மட்டும் போடல," என்றாள் மயிலம்மா. அவள் கண் கலங்கியது.

எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் சொல்வதுபோல, "ஓம்," என்றார் அவர். ஒன்பதாவது பெயரை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணிப்பையோடு புறப்பட்டவள் மூன்று மாடி ஏறி வந்து, மிச்சமிருந்த மெழுகுதிரிகளை அவர் கையில் கொடுத்தாள்.

"செவ்வாக்கெழமை வேற யாரையாச்சும் அனுப்புங்க சார். விட்டுடாதீங்க."

லோகேஸ்வரன் அதற்கும் தலையாட்டினார்.