ஏழாம் அறையின் டாக்டர்

ஆபீசில் நாங்கள் அவரை ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவோம். சி என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களைத் தமிழ் பேச வைப்பது அவர் வேலை. நிரல் ஒழுங்காகப் பேசினால் எழுதியவனுக்குப் பாராட்டு, உளறினால் அகராதிக்குத் திட்டு. மனிதர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பக்கத்து மேஜைக்காரனான எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்தார். எந்த அறையில் எந்த டாக்டர் என்று காட்டும் மின்பலகை ஒன்றை எங்கள் கம்பெனி அதே ஆஸ்பத்திரியில் மாட்டியது. எங்கள் ஆபீசில் அழகாகத் தமிழ் காட்டிய பலகை, அங்கே போனதும் ஆங்கிலத்தை விட்டு இறங்க மாட்டேன் என்றது. நோயாளிகள் பலகையோடு சண்டை போட முடியுமா? அந்தம்மாவோடு போட்டார்கள். ஆஸ்பத்திரி மேலாளர் அவரைக் கூப்பிட்டு, “இன்னொரு புகார் வந்துச்சுன்னா, உங்களைக் கீழே பழைய ஃபைல் ரூமுக்கு மாத்திடுவேன்” என்றார். பலகை செய்தது நாங்கள், தண்டனை அந்தம்மாவுக்கு. ஜன்னலே இல்லாத அந்த அறையில் தனக்கு மூச்சு முட்டும் என்று வீட்டில் அழுதாராம்.

அகராதி போய்ப் பார்த்தார். எங்கள் கணினிகளில் மொழி தமிழ் என்று எப்போதோ அமைத்துவிட்டு மறந்திருந்தோம். ஆஸ்பத்திரிக் கணினியில் அதை அமைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அமைத்ததும் பலகை தமிழுக்கு வந்தது. அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை மனைவியிடமிருந்து போன் வந்தது. “நீங்க எப்போலேர்ந்து டாக்டர் ஆனீங்க?”

இரண்டு பேரும் ஓடினோம். ஏழாம் அறை டாக்டர் விடுப்பில் இருந்தார், அவர் பெயர் வரவேண்டிய இடம் காலி. எங்கள் ஆட்களில் ஒரு புண்ணியவான், பலகையில் வருவது எதுவானாலும் அகராதி எழுதிய மொழிபெயர்ப்புக் கோப்பில் தேடிப் போடும்படி எழுதியிருந்தான். காலி இடத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கோப்புக்கு ஒரு குணம் உண்டு. எழுத்தே இல்லாத வெற்று வாக்கியத்தைக் கொடுத்தால் சும்மா இருக்காது, தன் பூர்வீகத்தையே ஒப்பிக்கும்: என்ன பதிப்பு, என்ன தேதி, கடைசியாக மொழிபெயர்த்தது யார். ஆக, ஏழாம் அறைக்கு நேரே புரியாத ஆங்கில எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன, நடுவில் அகராதியின் முழுப்பெயர். பெயரைச் சுற்றிப் புரியாத எழுத்துகள் இருந்தால் டாக்டராகத்தானே இருக்க வேண்டும்? ஜனங்கள் அவருக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனை வருஷ உழைப்பில் அவர் பெயர் வெளியே தெரிந்தது அன்றைக்குத்தான். அதுவும் தப்பாக.

காலியாக இருந்தால் ‘இன்று டாக்டர் வரமாட்டார்’ என்று காட்டும்படி அவர் அங்கேயே உட்கார்ந்து மாற்றத் தொடங்கினார். மேலாளர் ஓடி வந்து தடுத்தார்.

“எதுக்கு சார் மாத்தறீங்க? காலையிலேர்ந்து ஒரு புகார் கிடையாது. வரமாட்டார்னு போட்டா எல்லாரும் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க. போறதுக்கு முன்னாடி சண்டையும் போடுவாங்க. அப்புறம் உங்க வீட்டம்மாதான் கீழே போகணும்.”

அகராதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். தப்பை அப்படியே விட்டுவைத்தால் நல்லது என்று யாரும் அவரிடம் அதுவரை சொன்னதில்லை.

“அதோ அந்த அம்மா முதல் ஆளா வந்தாங்க” என்றார் மனைவி. “மூச்சு வாங்குது. டாக்டர் எப்போ வருவார்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. வந்துடுவார்னு நானும் சொல்லிட்டேன்.”

“கீழே ஜன்னல்கூட இல்லையே” என்றார் அகராதி மெல்ல.

“தெரியும். நீங்க மாத்துங்க.”

மாற்றினார். முதல் தடவையிலேயே தமிழ் பிழையில்லாமல் வந்தது. உடனே கூட்டம் எழுந்து வரவேற்பு மேஜையை மொய்த்துக்கொண்டு கத்தியது. அந்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்கிய பெண்ணைக் கைத்தாங்கலாக மூன்றாம் அறை டாக்டரிடம் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். வந்தபோது அவர் நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்கார வைத்திருந்தார் மேலாளர். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது.

அகராதியின் கண் கலங்கிவிட்டது. எங்களை அன்றைக்கு யாரும் திட்டவேயில்லை, பலகை இப்போது தெளிவாக இருக்கிறதென்று சிலர் கம்பெனிக்கு நன்றிகூடச் சொன்னார்கள்.

அந்தம்மா மேஜை இழுப்பறையிலிருந்து தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

“இப்போ எல்லாருக்கும் புரியுது” என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கீழே போகும் படிகளில் இறங்கினார்.