மொட்டைப் பனையில் ஓர்க்கிட்

மீள்குடியேறி வந்த எங்களிடம் என்ன வேண்டும் என்று தொண்டு நிறுவனக்காரர் கேட்டார்கள். வலை வேண்டும் என்றோம். தலையை ஆட்டிக்கொண்டு போனவர்கள் ஓர்க்கிட் கன்றுகளோடு திரும்பி வந்தார்கள். கடலை நம்பிப் பிழைக்கிற ஊர், கூரைக்கு இன்னும் தறப்பாள், குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வருகிறது. இந்த இலட்சணத்தில் நாங்கள் பூ வளர்த்துக் கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்பி முன்னேற வேண்டுமாம்.

பயிற்சி கொடுக்க ஒரு மிஸ் வந்தார். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் இனம், கொளுத்துகிற வெயிலையும் தாங்கும், மண்ணே வேண்டாம், வேர் காற்றில் நின்றால் போதும் என்றார். காற்றுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? கச்சான் காற்று அடித்தால் சோற்றுக்கோப்பைக்குள்ளும் மணல்தான். மிஸ் இளநீர் குடித்தார், எங்களைப் படம் எடுத்தார், போனார்.

அவர் போனதும் ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. எங்கள் பக்கத்தில் முருங்கையானாலும் தென்னையானாலும் மீன் கழுவின தண்ணீர்தான் உரம். மண் வேண்டாம் என்று மிஸ் படித்துப் படித்துச் சொன்ன செடியை மண்ணில் கிடங்கு கிண்டித் தாட்டு, மீன் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். கிராமச் சங்கத் தலைவர் ஒருபடி மேலே போய்க் கருவாடு கழுவின தண்ணீரை ஊற்றினார். கன்றெல்லாம் அழுகி நாறியது. அந்தத் திட்டத்தில் பயன் பெற்றவை அதைக் கிளறிப் பார்த்த பூனைகள்தான்.

என் செடி தப்பியதற்குக் காரணம் கெட்டித்தனம் இல்லை, கோபம். வலை கேட்டவளுக்குப் பூவா என்று, வளவு மூலையில் ஷெல் விழுந்து தலை போன மொட்டைப் பனையோடு அதைச் சேர்த்து, இரண்டு தேங்காய்ப் பொச்சையும் வைத்து, வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டேன். மீன் தண்ணீர் முருங்கைக்குப் போனது. அரிசி கழுவின தண்ணீரைப் போகிற போக்கில் இதன்மேல் வீசுவேன். அது வீம்புக்கு வளர்ந்தது. பென்சில் மாதிரி இலைகள், நாலாபக்கமும் தொங்குகிற வேர்கள். பனைக்குக் குருத்து வந்துவிட்டதோ என்று றோட்டால் போகிறவர்கள் பகிடி விட்டார்கள். அதிகம் சிரித்தவர் தலைவர்.

அது என் உயரத்தைத் தாண்டிய வருடம் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. கடைசிச் சண்டைக்குள் காணாமல் போன என் மூத்தவனுக்காக நான் ஏறி இறங்காத அரச கந்தோர் இல்லை. மனிதரிடம் கேட்டுக் களைத்துவிட்டேன், இனி எங்கள் கோயில் மாதாவிடம் கேட்போம் என்று நேர்த்தி வைத்தேன். முதல் பூ அவவுக்கு. பிள்ளை எங்கே என்ற பதில் எனக்கு.

மாதாவின் ஆவணித் திருநாள் நெருங்க, ஒரே ஒரு தண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள் விரிந்தன. அதே கிழமைதான் வீட்டுத்திட்டத்தைத் திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. தலைவர் கத்தரிக்கோலும் கையுமாக என் படலையில் வந்து நின்றார். இத்தனை நாள் பகிடியாக இருந்த செடி ஒரே இரவில் ஊரின் பெருமையாகிவிட்டது. எங்கள் மண்ணில் வளர்ந்த பூ என்று சொல்லிக் கொடுக்கலாம் என்றார். மண்ணில் தாட்டது நீங்கள்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாதாவுக்கு நேர்ந்தது என்றேன். மாதா கோவிக்க மாட்டா, பெரியவர் கோவித்தால் றோட்டு வராது என்றார்.

கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“தம்பி, அந்தப் பெரியவரிட்டை ஒண்டே ஒண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. என்ர பிள்ளை எங்க எண்டு. அவர் சொன்னால், பூ என்ன, பனையோட தறிச்சுத் தாறன்.”

அவர் கத்தரிக்கோலையும் கேட்காமல் றோட்டில் இறங்கிப் போனார். திறப்பு விழாவில் பெரியவரின் கழுத்தில் பிளாஸ்ரிக் மாலை விழுந்தது. அவரும் மேடையில் எங்கள் மலர்ச்செய்கையைப் புகழ்ந்து பேசிவிட்டு வாகனம் ஏறினார். பூவை நான் மாதாவின் காலடியில் வைத்தேன். திருநாள் முடிந்து கொடி இறக்கிய பிறகும் அது வாடாமல் கிடந்தது.

மாதா இன்னும் பதில் சொல்லவில்லை. பனையில் மறுபடியும் ஒரு தண்டு விட்டிருக்கிறது. தலைவரின் கத்தரிக்கோல் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்க அவர் வருவதில்லை. வந்தால் நான் என்ன கேட்பேன் என்று அவருக்குத் தெரியும்.