கோந்து அண்ணன் பாதி வழியில் இறங்கினார்

பதினோரு வருஷமாக ஒரு மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பிழைப்பு நடத்துகிறேன். அவர் பஸ் டிரைவர், நான் அவருடைய கண்டக்டர். அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு அத்துப்படி. தோள் உயர்ந்தால் கோபம், கழுத்து இடப்பக்கம் சாய்ந்தால் சந்தோஷம். எங்களுக்குள் பேச்சு குறைவு. நான் ஒரு விசில் ஊதினால் நிறுத்துவார், இரண்டு ஊதினால் கிளப்புவார்.

டெப்போவில் அவருக்குப் பெயர் கோந்து. சீட்டில் உட்கார்ந்தால் ஐந்து மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டார். கடைசி ஸ்டாப்பில் மற்ற டிரைவர்களெல்லாம் டீ குடித்து, கழிப்பறைப் பக்கம் போய் வருவார்கள். எங்கள் ஆள் சீட்டில் இருந்தபடியே கண்ணாடியைத் துடைப்பார். இறங்க வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். அண்ணி கொடுத்தனுப்பும் இரண்டு லிட்டர் தண்ணீரைத் தினமும் டியூட்டி முடிந்ததும் ரேடியேட்டர்தான் குடித்தது. சாயங்காலம் காலி பாட்டிலைப் பார்த்து அண்ணிக்கு ஒரே பூரிப்பு. எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? மூலம் வந்தது. அதையும் ஒரு வருஷம் மறைத்தார். என்னிடம் மறைக்க முடியுமா? ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் அரை அங்குலம் எழும்பி உட்காருவார், பின்னால் நானும் எழும்புவேன். கடைசியில் ஆபரேஷன் செய்தார்கள். அது அரை மணி நேர வேலை. அதற்கப்புறம்தான் கூத்தே.

ஐந்து வாரம் ஆகியும் அவருக்குச் சரியாகவில்லை. திங்கட்கிழமை டாக்டர் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அவரை டெப்போ கேட்டில் உட்கார வைத்துவிட்டு, எங்கள் பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்ததும் யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஜன்னலோரம், நடுவில் ஓட்டை போட்ட மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் ஒரு செடித்தொட்டியும்.

"எப்படிண்ணே இருக்கு?"

"அத ஏன் கேக்குற. காலைல முக்கால் மணி நேரம். வெளிய வந்தா மறுபடியும் போகணும் போல இருக்கு. போனா ஒண்ணுமில்ல. டிக்கெட் எடுக்காத எவனோ ஒருத்தன் உள்ள ஏறி நின்னுக்கிட்டு எறங்க மாட்டேங்குறான்டா."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், மெத்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. பிறகு குரல் இறங்கியது.

"இது இப்படியே நின்னுடுமோன்னு பயமா இருக்கு தம்பி. நாளைக்கு டாக்டர் முடியாதுன்னுட்டா, என் வண்டிய எவனோ ஓட்டிட்டுப் போவான். அது எத்தன மணிக்குப் போச்சுன்னு நான் கேட்ல உக்காந்து எழுதணும்."

இன்னொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வேலை செய்வது?

சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சிக்கிட்டே இருக்கேன்!" என்றார் இவர். கை பாட்டிலை எடுத்தது. அப்படியே செடித்தொட்டிப் பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் செடியைக் கவனித்தேன். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

நான் யோசிக்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஒரே ஊது.

கை அந்தரத்தில் நின்றது. வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது. பதினோரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அண்ணி கரண்டியோடு ஓடி வந்தார். பாட்டிலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"அஞ்சு வாரமாவா? என் கைராசியில செடி வளருதுன்னு எதிர்வீடு வரைக்கும் சொல்லிட்டு வந்தேனே!"

"உள்ள போனாத்தானே வெளிய வரணும்" என்றார் அண்ணன். "மொத நாள் பட்டது உனக்குத் தெரியாது. கண்ணாடித்தூள் மாதிரி இருந்துச்சு. அதான் போறதையே கொறைச்சுட்டேன்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் யாரு, அடுத்த வீட்டுக்காரியா?"

அந்தக் குரலைக் கேட்டபின் என்னாலும் தாங்க முடியவில்லை. ரேடியேட்டர் கதையை அவிழ்த்துவிட்டேன். "நீயும் கூட்டுக் களவாணியா?" என்று தொடங்கிய அண்ணி, நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கும் வரை நிறுத்தவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

மறுநாள் மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். அண்ணன் வாயைத் திறக்குமுன் அண்ணி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார், டிக்கெட் எடுக்காதவன் உட்பட. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வந்து கை கழுவினார்.

"புண்ணு நல்லா ஆறியிருக்கு. அந்த டிக்கெட் எடுக்காத ஆளு நெறைய பேருக்குக் கொஞ்ச நாள் உள்ள நிக்கிறதுதான். முக்கி முக்கித் தள்ளாதீங்க, தானா எறங்குவாரு. ஆனா தண்ணி குடிக்காம இருந்தா எப்படிங்க? தண்ணி, பழம், கீரை, வெந்நீர்ல உக்கார்றது. வந்தா அடக்காதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு வண்டி எடுக்கலாம். ஆனா ஒவ்வொரு ட்ரிப்லயும் நடுவுல ஒரு தடவ எறங்கியே ஆகணும்."

"பாதி வழியிலயா? பாசஞ்சருங்க என்ன நெனப்பாங்க?"

"டிரைவருக்கும் வயிறு இருக்குன்னு நெனப்பாங்க. சரி, இவர் எறங்குறாரான்னு யார் பாக்குறது?"

"நான் பாக்குறேன் டாக்டர்" என்றேன். "விசில் எங்கிட்டதான் இருக்கு."

அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு டம்ளரும் தொண்டைக்குள் இறங்கும் வரை அண்ணி எதிரிலேயே நின்றார். செடி வாடத் தொடங்கியது, மனிதர் தெளியத் தொடங்கினார். ஒன்பதாம் நாள் காலை, வண்டி நிறையக் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தம்பி! அஞ்சே நிமிஷம்! வலியே இல்ல! அவன் எறங்கிட்டான்டா!"

"எறங்கிட்டானா!" என்று நான் போட்ட கூச்சலில், தூங்கிக்கொண்டிருந்தவரும் எழுந்துவிட்டார். ஏதோ நல்ல சேதி என்று நாலு பேர் எனக்குக் கைகொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவன் மறுபடியும் கொஞ்ச நேரம் ஏறி நின்றானாம். ஆனால் அண்ணன் அவனுக்குப் பயப்படவில்லை.

அவர் டியூட்டிக்குத் திரும்பிய முதல் நாள் விசிலை நான் கையிலேயே வைத்திருந்தேன். கோந்து என்ற பெயரை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பாரா? பாதி வழியில், கழிப்பறை உள்ள பெரிய ஸ்டாப் நெருங்கியதும் விசிலை வாயருகே கொண்டு போனேன். நான் ஊதுவதற்குள் வண்டி தானாக ஓரங்கட்டியது. இன்ஜின் அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு மனிதர் இறங்கினார். இத்தனை வருஷத்தில் பாதி வழியில் அந்தச் சீட்டைக் காலியாக நான் பார்த்ததே இல்லை.

"என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்றார் முன்சீட்டுக்காரர்.

"இல்லங்க, இப்பதான் ரிப்பேர் சரியாச்சு."

ஆறு நிமிஷத்தில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். ஓட்டை மெத்தையைச் சரிசெய்து உட்கார்ந்தார். அத்தனை பேர் பார்க்க, அண்ணி கொடுத்த பாட்டிலை அண்ணாந்து மடக்மடக்கென்று பாதி காலி செய்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஊதுடா தம்பி, போலாம்."

இரண்டு விசில் ஊத வேண்டும். உதடு சிரிப்பில் விரிந்துபோய் வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாவது முறைதான் சத்தம் கேட்டது. அவர் கழுத்து மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது, வண்டி கிளம்பியது.