நல்ல தண்ணியில் ஒரு வளையம்

அக்காவின் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு வாசல் கேற்றின் சாவியைத் தேடியபோதுதான் அந்த எண்ணம் வந்தது. சாவி என் கையிலேயே இருந்தது. கனடாவிலிருந்து வந்த மச்சாள் தந்துவிட்டுப் போன ஊதா நிற அலுமினியக் கொளுக்கியில் அது தொங்கியது. வருடக்கணக்காக முன்வாசல் ஆணியில், கடற்காற்று நேரே வந்து அடிக்கிற இடத்தில் கிடக்கிற கொளுக்கி. நிறம் கொஞ்சம் வெளிறியிருந்ததே தவிர அதில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. மடியில் கிடந்த ஊன்றுகோலின் வளையமும் அலுமினியம்தான். அதைத் தொட்டால் விரலில் வெள்ளையாய் மா மாதிரி ஒட்டியது. பேனாக்கத்தியால் கொளுக்கியைச் சுரண்டிப் பார்த்தேன். கத்திதான் வழுக்கியது.

அனோடைசிங். அலுமினியம் காற்றுப் பட்டதும் தானாகவே ஒரு மெல்லிய தோலைப் போர்த்துக்கொள்ளும். அமிலத்துக்குள் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அந்தத் தோலைத் தடிப்பாக வளர்த்தெடுக்கலாம். கம்பசில் இரசாயனவியல் படித்தவள் நான்; பரீட்சைத்தாளில் இதை அழகாகப் படம் கீறி எழுதியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் செய்யலாம் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே வலது கால் பலமில்லை. முழங்கையைத் தாங்கிப் பிடிக்கிற ஊன்றுகோலோடுதான் நடப்பாள். எங்கள் ஊரான சரவணையில் வீட்டுக்கு முன்னால் பஸ் ஏறி, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு மாறி, நயினாதீவுக்குப் போய்ப் படிப்பிக்கிறாள். அந்த ஊன்றுகோலில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஓடும். இரண்டையும் இறுக்கிப் பிடிப்பது ஒரு சின்ன வளையம். முந்தின கிழமை, படகில் கால் வைக்கிற நேரம் பார்த்து வளையம் வெடித்துவிட்டது. ஊன்றுகோல் சடாரென்று உள்ளே இறங்க, படகில் நின்ற பொடியன் கையைப் பிடித்திருக்காவிட்டால் அக்கா தண்ணீருக்குள்தான்.

அன்றைக்கே அம்மா தொடங்கிவிட்டார். டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேள், உன்னுடைய காலைப் பார்த்தால் மறுக்கமாட்டார்கள் என்பது அம்மாவின் கதை. அதுதான் அக்காவுக்குப் பொறுக்காது.

"டவுனிலை என்னைக் கொண்டுபோய்க் கதிரையிலை இருத்திப்போட்டுப் பாவம் பாப்பினம். நயினாதீவிலை நான் ரீச்சர், அம்மா."

"கடலுக்கை விழுந்தா ஆர் ரீச்சர் எண்டு பாக்கும்?"

கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூட விடுமுறை முடிவதற்குள் ஊன்றுகோல் நம்பிப் பிடிக்கிற மாதிரித் திருந்தினால் அம்மா வாயைத் திறக்கமாட்டார். திருந்தாவிட்டால் அக்கா மாற்றத்துக்கு எழுதிப்போட வேண்டும். புதிதாக ஒன்று எடுக்கலாம்தான். ஆனால் இதற்கு முந்தினதும் ஆஸ்பத்திரியில் புதிதாகத் தந்ததுதான். அதன் வளையமும் இப்படித்தான் வெள்ளையாய்ப் பூத்துப் போனது. குழாய்களுக்குத் தோல் வளர்த்து அனுப்புகிறவர்கள் ஏனோ வளையத்தை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். நான் செய்து தருகிறேன் என்று இடையில் புகுந்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன மாசம் நீ திருத்தின மிக்சி இன்னும் மூலைக்கைதான் கிடக்கு."

பழைய விறகுக் கொட்டில்தான் என் பட்டறை. யன்னல் பொருத்துகிற கடையில் கழித்துப் போட்ட தடித்த அலுமினியத் துண்டுகளை வாங்கிவந்து, அறுத்து, துளைத்து, அரத்தால் ராவி வளையங்கள் செய்தேன். பற்றரி சார்ஜ் பண்ணுகிற கடையில் அசிட் கிடைத்தது. அவர்களிடமே ஒரு பழைய சார்ஜரும் கிடைத்தது. எதிர்முனைக்கு ஈயத் தகடு வேண்டும். மண்டைதீவில் என்னோடு படித்தவளின் வீட்டில் வலைக்குக் கட்டுகிற ஈயம் தந்தார்கள். அதைச் சுத்தியலால் தட்டித் தட்டித் தகடாக்கினேன். பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீரை விட்டு, அதற்குள் அசிட்டை மெதுவாக ஊற்றி, கண்ணாடியும் கையுறையும் போட்டு, காற்று வருகிற பக்கமாக நின்று சுவிட்சைப் போட்டேன். ஈயத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வந்தன. அந்தக் குமிழிகளைப் பார்த்த சந்தோசத்தில் சாப்பாட்டையே மறந்துபோனேன்.

வெளியே எடுத்தபோது வளையம் முழுக்கக் கறுப்புக் குத்துகள். ஊசியால் குத்திக் குத்தி விட்டமாதிரி. உள்விளிம்பில் ஒரு இடம் அரித்தே போயிருந்தது.

அலுமினியம் நல்லதில்லை என்று நினைத்து வேறு துண்டில் செய்தேன். அதுவும் அப்படியே. சார்ஜர் சரியில்லை என்று நினைத்து மின்சாரத்தைக் குறைத்தேன். குத்துகளும் குறைந்தன, தோலும் வளரவில்லை. மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளையும் வளையத்தில் வைத்தால் அது கத்தக்கூடாது. தோல் பிடித்திருந்தால் மின்சாரம் போகாது. என்னுடைய மீற்றர் ஒவ்வொரு தடவையும் உற்சாகமாகக் கத்தியது. குசினிக்குள்ளிருந்து அம்மா அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மாற்றத்துக்கு ஆரிடம் கதைக்க வேண்டும் என்று மட்டும் பின்னேரம் அக்காவிடம் கேட்டார்.

விடுமுறை முடியப்போகிற ஒரு பின்னேரம். அக்கா பழைய வளையத்தையே கம்பியால் சுற்றிக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தாள். வந்ததும் வழமைபோல நேரே கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளி, ஊன்றுகோலை மேலிருந்து கீழாக நன்றாகக் கழுவி, வளையம் இருக்கிற மூட்டில் இன்னும் கொஞ்சம் விட்டுத் தேய்த்து, சுவரில் சாத்தினாள். கடல் உப்புப் போகட்டும் என்று தினமும் அப்படித்தான் செய்வாள். நான் அவளுடைய காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடிச் சீமெந்தில் ஈரம் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

"அக்கா, எங்கடை கிணத்துத் தண்ணி உப்பெல்லோ?"

"இதைக் கண்டுபிடிக்கவோ கம்பசுக்குப் போனனீ?" என்றாள். "உப்புத்தான். எண்டாலும் கடல் தண்ணியைவிட நல்லதுதானே."

நான் கொட்டிலுக்குள் ஓடினேன். என் வாளியில் இருந்ததும் அதே தண்ணீர்தான். உப்பிலுள்ள குளோரைட்டு கொஞ்சம் கலந்தாலே மின்சாரம் பாய்கிறபோது தோல் வளரமுதல் அலுமினியத்தைத் துளைத்துவிடும். எனக்கு இது தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு தண்ணி. பவுசர் லொறியில் வருவது நல்ல தண்ணி. அது நீலப் பிளாஸ்ரிக் பரலில், குசினிக்குள், மூடியோடு இருக்கும். குடிக்க, சோறு காய்ச்ச. மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. நல்ல தண்ணியில் முகம் கழுவினாலே வீட்டில் விசாரணை நடக்கும். தண்ணீர் விடு என்று படித்த மூளை சொன்னதும், சின்ன வயதிலிருந்து பழகிய கை கிணற்றடிக்குப் போய்விட்டது. வளையத்தை மாவாக்கியதும் அக்காவின் அந்த ஒழுங்கான கழுவல்தான். படகில் தெறித்த கடல்நீர்த் துளிகளைவிட, மூட்டுக்குள் தினமும் ஊற்றிக் காயவிட்ட கிணற்று நீர் கூடுதலாக அரித்திருக்கிறது.

அம்மாவிடம் போய் நல்ல தண்ணி கேட்டேன். எவ்வளவு என்றார். கலக்க ஒரு வாளி, அலச ஒரு வாளி, கடைசியில் தோலின் துளைகள் மூட அவித்தெடுக்க ஒரு பானை என்றேன்.

"குடிக்கிற தண்ணியிலை அலுமினியம் அவிக்கப் போறியோ?"

ஓம் என்றேன். ஏன் என்று நான் சொல்லச்சொல்ல அம்மா பரலின் மூடியில் கை வைத்தபடியே நின்றார். தண்ணி தராவிட்டால் அக்கா டவுனுக்குப் போவாள். அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா குசினி வாசலில் வந்து நின்றாள். அம்மா அவளைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, தானே அள்ளி என் வாளியை நிரப்பினார்.

"சிந்தாமல் கொண்டு போ."

அந்த வளையம் மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரு குத்தும் இல்லாமல் வந்தது. அவித்துத் துடைத்து மீற்றரை வைத்தேன். சத்தமில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, இதுவும் பழுதாய்ப் போச்சோ என்று கேட்டார்.

பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் நானும் குறிகட்டுவான் வரைக்கும் போனேன். காற்று இருந்தது, படகு துறையோடு முட்டி முட்டி விலகியது. அக்கா ஊன்றுகோலைப் பலகையில் ஊன்றி முழுப் பாரத்தையும் அதில் போட்டாள். அது அசையவில்லை. கை கொடுக்க வந்த பொடியனிடம் தன் பையைக் கொடுத்துவிட்டு ஏறினாள்.

மாற்றக் கதையை அம்மா பிறகு எடுக்கவில்லை. இப்போது வாசல் ஆணிக்குக் கீழே ஒரு சோடாப் போத்தல் நல்ல தண்ணியும் துணியும் இருக்கின்றன. அக்கா வந்து செருப்பைக் கழற்றமுதல், அம்மாவே துணியை நனைத்து ஊன்றுகோலின் மூட்டைத் துடைத்துவிடுகிறார். கிணற்றடிப் பக்கம் ஊன்றுகோல் போவதேயில்லை.

அக்காவின் வகுப்புப் பிள்ளைகள் வளையத்துக்கு ஏன் நிறமில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த வளையத்தை அவித்து மூடமுதல் சாயத்தில் போட்டால் தோல் அதைக் குடித்துக்கொள்ளும். பனையோலைப் பெட்டிக்குப் போடுகிற சிவப்புச் சாயம் மடத்துவெளியில் பெட்டி இழைக்கிற ஒரு பெண்ணிடம் வாங்கி வைத்திருக்கிறேன். அது பிடிக்குமோ கழுவுப்பட்டுப் போகுமோ தெரியாது. பரலில் இன்னொருமுறை கேட்க ஏலாது. அதனால் கூரையோரம் மழைத் தண்ணி வடிந்து வர ஒரு பீலி கட்டியிருக்கிறேன். ஓட்டிலும் கடல் உப்பு இருக்கும். முதல் மழை அதைக் கழுவிக்கொண்டு போகட்டும். இரண்டாவது மழைக்கு வேறொரு பரலை வைப்பேன்.