ஆறு திரும்பி ஓடிய மதியம்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருடங்கள். ஓர் ஆனி மாதம், குழந்தைக்கு முடியெடுக்க ராசிபுரம் பக்கமிருந்து காவிரிக்கரைக் கோயிலுக்கு மாட்டுவண்டியில் போனோம். திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அந்தச் சின்ன ஆற்றைக் கடக்கவேண்டும். சொட்டுத் தண்ணீர் இல்லை. நடு மணலில் சக்கரம் புதைந்துவிட்டது.

சக்கரத்துக்கு அடியில் போட நாணல் அறுத்து வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் காவிரிப் பக்கம் இறங்கிப் போனார். அப்போதுதான் கவனித்தேன், ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. சற்று முன்புவரை கத்திக்கொண்டிருந்த நாரைகள் எங்கே?

நாணலுக்குள்ளிருந்து நீர்நாய்கள் வந்தன. பட்டப்பகலில், ஒன்றன்பின் ஒன்றாக, வண்டியை ஒட்டியே வடக்கே போயின. மனுஷி நிற்கிறாளே என்று ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே ஒரு சாரைப்பாம்பு, அதற்கு முன்னால் எலிகள். எலியைப் பாம்பு சட்டைசெய்யவே இல்லை. கடைசியாக வந்த நீர்நாய் வாயில் குட்டியைக் கவ்வியிருந்தது.

"ஏனுங்க, வந்துருங்க! தண்ணி கிண்ணி வருதோ என்னமோ, பயமா இருக்குதுங்க!" என்று கத்தினேன்.

"மலைமேல பொட்டு மேகங்கூட இல்ல. எங்கிருந்து புள்ள தண்ணி வரும்?" என்று சிரித்தார்.

எங்கள் ஊரில் இந்த ஆற்றில் இறங்குமுன் வடக்கே மலையைத்தான் பார்ப்போம்; இதன் தண்ணீர் அங்கிருந்துதான் வரும். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் காலடி மணல் ஈரமாகிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் என் பேச்சுக்கு அசையமாட்டார், மாட்டைத் தொட்டால் ஓடி வருவார். குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மாடுகளை அவிழ்த்துக் கரைக்கு விரட்டினேன்.

"மாட்ட ஏம்புள்ள அவுத்துட்ட?" என்று திட்டிக்கொண்டே அவர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னாலேயே தண்ணீர் வந்தது. சத்தமே இல்லாமல், நுரையும் சருகுமாக, கீழேயிருந்து மேலே. மைசூர்ச் சீமை மழையில் பெருகிய காவிரி சின்ன ஆற்றுக்குள் ஏறிவிட்டது என்று கரையிலிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். நாங்கள் கரையேறிப் பார்த்தபோது, எங்கள் வண்டி யாரோ ஓட்டுவதுபோல மலைப்பக்கம் மெதுவாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

எங்களைப் பற்றி அந்த நீர்நாய்க்கு என்ன கவலை? தன் குட்டி பிழைத்தால் போதும் என்று ஓடியது. அந்தப் பயம் எனக்குப் புரிந்தது என் இடுப்பிலும் ஒன்று இருந்ததால்தான். வெறுங்கையோடு நின்றிருந்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டே நாங்கள் போய்ச் சேர்ந்திருப்போம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.