பக்கத்து மனைத் தோட்டம்

சொந்த வீட்டுக் கொல்லையில் எனக்கு ஒரு செடி வைக்க இடம் கிடையாது. வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி பின்பக்கம் ஆறடிதான் விட்டிருந்தார். அந்த ஆறடிக்குள் கிணறு, துவைக்கிற கல், கக்கூஸ் தொட்டி, தொட்டியின் மேல் என் கொழுந்தனாரின் ஓடாத சைக்கிள். வெயில் மத்தியானம் பத்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே நான் சொல்லப்போகிற தோட்டம் என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் செம்பாக்கத்துக்கு வந்தபோது அந்த வரிசையில் இரண்டே வீடுகள். மற்றதெல்லாம் நெல் வயலாக இருந்து மனையாகப் பிரித்து விற்ற நிலம். மூலைக்கு ஒரு கல் நட்டு, கல்லில் ஒரு எண் எழுதியிருந்தார்கள். வாங்கினவர்கள் எல்லாம் எங்கெங்கோ இருந்தார்கள். எங்கள் வீட்டை ஒட்டியிருந்த மனைக்காரர் வடக்கே எங்கோ வேலையில் இருப்பதாக மட்டும் தெரியும். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவர் மனையில் வேலிக்கருவை ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது.

நான் பூ ஆசையில் அந்த மனைக்குள் போகவில்லை. பாம்புப் பயத்தில் போனேன். ஒரு மழைக்காலத்தில் எங்கள் சமையலறைச் சாக்கடை வழியாக ஒன்று உள்ளே வந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் சுருண்டுகொண்டது. என் மாமியார் கட்டில் மேல் ஏறி நின்று போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆள் வைத்து முள்ளை வெட்டினேன். வெட்டி முடித்த இடம் வெறிச்சென்று கிடந்தது. கூட வேலை பார்க்கிறவள் கொடுத்த கனகாம்பரக் குச்சி இரண்டு கைப்பையில் இருந்தது. சரி, சும்மாதானே கிடக்கிறது என்று ஊன்றினேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

ஊன்றினது பிடித்துக்கொண்டது. பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஏரியில் தண்ணீர் வற்றுகிற மாதங்களில் வண்டிக்காரரிடம் சொல்லி வண்டல் மண் அடித்தேன். கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் டிசம்பர் பூ, ஊதாவும் வெள்ளையும். ஓரத்தில் டேபிள் ரோஸ். வேலிக்கு இட்லிப் பூ, நந்தியாவட்டை. மூன்று சவுக்குக் கழிகளை நட்டு முல்லைக் கொடியை ஏற்றினேன். வனஸ்பதி டின்களுக்குப் பச்சை பெயின்ட் அடித்து சாமந்தி வைத்தேன். பாத்திகளுக்குக் கரையாக உடைந்த செங்கல்லைச் சாய்த்துப் புதைத்தேன். கடைசியாக, முல்லைப் பந்தலுக்கு அடியில் ஒரு கருங்கல் பலகை. யாரோ வீடு கட்டும்போது மிஞ்சினது. வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே போடச் சொன்னேன். இரண்டு பேர் உட்காரலாம். ஆனால் ஒருத்திதான் உட்கார்ந்தாள்.

பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். காலையில் தாம்பரத்தில் ரயிலேறி, சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கி, பஸ்ஸைப் பிடித்து வீடு வரும்போது ஆறே கால் ஆகும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு பக்கம் ‘அம்மா’, ஒரு பக்கம் ‘அண்ணி’, உள்ளிருந்து ‘வந்துட்டியா, பால் பொங்கிடுச்சு பாரு’. இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் ஆறு பேர். மூச்சு விடக்கூட ஒருத்தர் நகர்ந்து கொடுக்கணும். அதனால் வீட்டுக்குள் நுழைகிறதுக்கு முன்பு மனைப் பக்கம் திரும்பிவிடுவேன். செடிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று பேர். இரண்டு வாளி ஊற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்திருப்பேன். அரை மணி. ஒன்றும் யோசிக்க மாட்டேன். கால் வலி முட்டியிலிருந்து மெல்ல இறங்கிப் பாதத்துக்கு வந்து, பிறகு மண்ணுக்குள் போய்விடும். ஒரு நாளில் என்னுடையது என்று சொல்ல இருந்தது அந்த அரை மணிதான். அதற்காகத்தான் அத்தனை வாளியும் சுமந்தேன்.

என் கணவர் பத்து வருஷத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் அங்கே ஊற்றினதில்லை. “ஊரான் மனைக்கு உழைச்சுக் கொட்டுறா பாரு” என்பார், பேப்பரை விட்டுத் தலை தூக்காமல். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

தொண்ணூறுகள் பிறந்த பிறகு நிலத்துக்குக் கிராக்கி வந்தது. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுத் தரகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, மேட்டர் தெரியுமா? உங்க பக்கத்து மனைக்காரு பொங்கல் தாண்டி வர்றாரு. வித்துட்டுப் போவப் போறாராம். லெட்டர் வந்து கீது.”

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணவரிடம் சொன்னேன். “நம்மளே வாங்கிடலாமா?” என்றார் அவர். நான் நம்பவில்லை. ஆபீசில் பி.எஃப். லோன் போடலாம், விசாரித்து வைத்திருக்கிறேன் என்றார். ஊரான் மனை, ஊரான் மனை என்று பத்து வருஷமாக முனகின மனுஷன் விசாரித்து வைத்திருக்கிறார்! கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டேன்.

“ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு” என்றார். “இப்போலேர்ந்து தண்ணி விடாதே. காயட்டும். முள்ளு வந்தா வரட்டும். கேட்பாரில்லாம கெடக்குற இடம்னு தோணினாத்தான் அந்த மனுஷன் சட்டுனு குடுத்துட்டுப் போவார்.”

“காயவிடறதா? பூக்கிற நேரத்துலயா?”

“ஒரு மாசம்தானே. அப்புறம் ஜென்மத்துக்கும் நீதானே வச்சுக்கப்போறே.”

சரி என்றுதான் தலையாட்டினேன். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் டிசம்பர் பூச்செடி இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது. பனிக்காலத்தில் அது ஒரு தரம்தான் பூக்கும். மனசு கேட்கவில்லை. வாளியை எடுத்துவிட்டேன். எடுத்தவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த யோசனை எனக்கே தோன்றியது, யாரும் சொல்லித் தரவில்லை. இடத்தை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மனைக்காரர் தன் கண்ணால் பார்த்தால் மனசு இளகி நமக்கே கொடுப்பார், வேறு யாருக்கும் கொடுக்கத் தோன்றாது! நன்றாக இருக்கிறதில்லையா? உண்மை என்னவென்றால், அந்தத் தோட்டத்தை யாராவது ஒருத்தர் வந்து பார்த்து, ‘அட’ என்று சொல்லவேண்டும் என்று எனக்குப் பத்து வருஷமாக ஆசை. வீட்டில் யாரும் சொன்னதில்லை.

மனைக்காரரும் அவர் மனைவியும் வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழுந்தேன். உதிர்ந்த சருகைக் கூட்டி, சாணம் தெளித்து, பலகையைத் தேய்த்துக் கழுவிச் சுற்றிலும் செம்மண் இட்டுக் கோலம் போட்டேன். டிசம்பர் பூவை ஊதா ஒரு முழம், வெள்ளை ஒரு முழம் என்று மாற்றி மாற்றிக் கட்டிப் பந்தல் கால்களில் சுற்றினேன். தென்னங்கீற்றில் தோரணம். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிச் சாமந்தியை மிதக்கவிட்டுப் பந்தலுக்கு நடுவில் வைத்தேன். என் பெண்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். “அம்மா, கல்யாண வீடு மாதிரி இருக்கும்மா” என்றாள் பெரியவள். என் கணவர் வாசல் வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவர்கள் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டு அங்கிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் மனைவி என் வயதுதான். “மூலைக்கல்லாவது மிச்சம் இருக்குமான்னு பயந்துகிட்டே வந்தேன் சார்” என்றார் அவர், என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு. “இப்படி வச்சிருக்கீங்களே! உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன்?” என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு என் பலகையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டு, காலை மண்ணில் நன்றாகப் பதித்து, முல்லைக் கொடியைப் பார்த்தபடி. எதையும் யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் டம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்படி உட்கார்கிற விதம் எனக்குத் தெரியும். தினம் ஆறே காலுக்கு நான் உட்கார்கிறது அப்படித்தான்.

“பதினஞ்சு வருஷமா மூணாவது மாடி குவார்ட்டர்ஸ், அக்கா” என்றாள் என்னிடம். “தரையில கால் வச்சே நாளாச்சு.” பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “ஏங்க, இதை விக்க வேணாங்க. இங்கேயே ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டு வந்துடலாம்.”

அவர் சிரித்தார். சிரிப்பிலேயே சம்மதம் தெரிந்தது. பந்தல் காலில் நான் கட்டின பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வாங்கிக்கொள்ள நினைத்திருந்தோம் என்பதை அப்போது எந்த வாயால் சொல்வது? “அதுக்கென்ன, நல்லதுதானே” என்றார் என் கணவர். நான் காபியை நீட்டினேன்.

ஆட்டோ போன பிறகு, என் கணவர் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொன்னால் நன்றாகச் சண்டை போடலாம், அழலாம். அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

வைகாசியில் பூமி பூஜை வைத்தார்கள். அதற்கு முன்னால் எனக்கு ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. அந்த அம்மாள்தான் எழுதியிருந்தாள். ‘பூவுக்கு வெளியே அலைய வேண்டாம் அக்கா, அதான் அங்கேயே இருக்கே. அன்னிக்கு மாதிரியே நீங்களே கட்டிவிடுங்கள். உங்கள் கை ராசி.’ குசும்பெல்லாம் இல்லை. வெள்ளை மனசோடு எழுதினதுதான். என்ன செய்ய? விடியற்காலையில் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். மலர்ந்தது, மொட்டு, நாளைக்கு மலரப்போகிறது என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் கனகாம்பரத்தையும் முல்லையையும் பறித்தேன். நெருக்கமாகக் கட்டினேன். செங்கல்லுக்கு ஒரு சரம், மண்வெட்டிக்கு ஒரு சரம், கலசத்துக்கு ஒரு சரம்.

பூஜை முடிந்ததும் வேலையாட்கள் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டார்கள். கோடு டிசம்பர் பூப் பாத்தியின் குறுக்கே போனது. மண் வெட்ட வந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாக்கா, செடிங்கள இன்னா பண்றது? நீ எத்துக்கினு போறியா?”

“எங்கே வைக்கிறது? புடுங்கிடுங்க” என்றேன்.

ஆனாலும் நாலு கனகாம்பரத்தை டின்னில் எடுத்து வைத்தேன். எங்கள் கொல்லையின் பத்து நிமிஷ வெயிலில் ஒரு மாதம் தாக்குப்பிடித்தன. வீடு எழும்பி, கிரகப்பிரவேசமும் ஆயிற்று. என் கருங்கல் பலகை அவர்கள் பின்வாசலில் படியாகக் கிடக்கிறது. அவள் நல்லவள். “எப்ப வேணும்னாலும் வந்து உட்காருங்க அக்கா, இது உங்க இடம்” என்பாள். அடுத்தவள் வீட்டுப் பின்படியில், வேலை விட்டு வந்து எப்படிப் போய் உட்கார்கிறது?

அதற்குப் பிறகு எனக்கு ரயில் லேட்டாக ஆரம்பித்தது. ஆறரை, ஆறே முக்கால். “ரயில் லேட்” என்பேன். “மின்சாரம் போயிடுச்சு, வழியிலேயே நிறுத்திட்டான்” என்பேன். எந்த ரயிலும் லேட் இல்லை. தாம்பரத்தில் இறங்கினதும் பிளாட்பாரத்தின் கோடியில், கூட்டம் போகாத இடத்தில், ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்திருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அரை மணி. காலுக்குக் கீழே மண் இல்லை, சிமென்ட்தான். வலி இறங்க இடம் இல்லாமல் பாதத்திலேயே நின்றுவிடும்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது அடுத்த ரயில் வந்து நின்றது. இறங்கின கூட்டத்தில் என் கணவர். அவர் வழக்கமாக அதற்கு அப்புறம் ஒரு மணி கழித்துத்தான் வருவார். நேராக என்னைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், உடம்பு வரவில்லை. அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பார்க்காதவர் போலப் படியேறிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “ஏம்மா, மணி ஏழு ஆகுது, தினமும் இப்படித்தானா?” நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். பேப்பரை விட்டுத் தலை தூக்காமல்தான்.

“ரயில் லேட்டும்மா. இனிமே தினமும் லேட்டாத்தான் வருமாம்.”